கைப்பிடி, திறப்பு, பொத்தான்

மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்து மேற்கே போனால் வவுணதீவு. மண்முனை மேற்குப் பிரதேச செயலகம் அமைந்த இடம். ஆயித்தியமலைக்கும் உன்னிச்சைக் குளத்துக்கும் போகும் வழி. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே விரிந்து கிடக்கும் படுவான்கரையின் வாசல்களில் ஒன்று. இயந்திர வண்டியைக் கிளப்ப மனிதன் கண்ட மூன்று வழிகளும் இங்கே ஒரே காலத்தில் புழக்கத்தில் இருக்கின்றன. வயலில் நிற்கும் லாண்ட்மாஸ்டர் கை உழவு இயந்திரத்தைக் கைப்பிடியால் சுழற்றிக் கிளப்புகிறார்கள். மோட்டார் சைக்கிளைத் திறப்புப் போட்டுக் கிளப்புகிறார்கள். ஜப்பானிலிருந்து வந்த காரோ, திறப்பு சட்டைப்பையில் கிடக்க, பொத்தானை அழுத்தியதும் கிளம்பிவிடுகிறது. இந்த மூன்றையும் ஒரே நேர்கோட்டில் வைத்து, வசதி வளர்ந்த கதையாகச் சொல்வதுதான் வழக்கம். அந்தக் கதையில் பொய்யில்லை. ஆனால் பாதி விடுபட்டிருக்கிறது. ஒவ்வொரு படியிலும் வண்டிக்காரருக்கு ஒரு சிரமம் குறைந்தது. அதே படியில், வண்டியைக் கிளப்பவும் பழுதானால் மீட்கவும் அவருக்கு இருந்த அதிகாரம் சிறிது சிறிதாக வேறொருவர் கைக்குப் போனது. படுவான்கரையைப் போன்ற ஒரு நிலத்தில் இந்த இரண்டாவது கணக்கையும் சேர்த்துப் பார்க்காமல் திறப்பில்லாக் காரின் நன்மை தீமையை எடைபோட முடியாது.

கைப்பிடியிலிருந்து தொடங்குவோம். லாண்ட்மாஸ்டரின் டீசல் இயந்திரத்தில் சிலிண்டருக்குள் காற்று இறுகினால் மனிதக் கையால் அதைச் சுழற்றுவது கடினம். அதனால் ஒரு கையால் அமுக்கம் குறைக்கும் சிறிய லீவரைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கைப்பிடியைச் சுழற்றி, சக்கரம் வேகம் பிடித்ததும் லீவரை விடவேண்டும். அந்தக் கணத்தில் இயந்திரம் இருமி, கரும்புகை கக்கி, ஓடத் தொடங்கும். இதற்குப் பற்றரி வேண்டாம், திறப்பு வேண்டாம். கைப்பிடியைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்து வைத்தால் அதுவே பூட்டு. உலகின் முதல் கார்களும் இப்படித்தான் கிளம்பின. ஆனால் பெற்றோல் இயந்திரம் சில நேரம் எதிர்த்திசையில் உதைக்கும். கைப்பிடி திரும்பி அடித்து மணிக்கட்டை முறித்த சம்பவங்கள் ஏராளம். அமெரிக்காவில் சார்ள்ஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டுக் கடிலாக் கார்களில் வந்தபோது, அது ஆடம்பரத்துக்காக வரவில்லை. கையைக் காப்பாற்ற வந்தது. வலிமை குறைந்தவர்களும் தனியே காரைக் கிளப்பக்கூடிய காலம் அதோடுதான் பிறந்தது. வசதி என்ற சொல்லை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

திறப்பு அதற்குப் பிறகு மெல்ல மெல்லத்தான் முக்கியமானது. தொடக்கத்தில் அதன் வேலை மின்சுற்றை மூடுவதும் திறப்பதும் மட்டுமே. இலங்கை வீதிகளை நெடுங்காலம் ஆண்ட மொரிஸ் மைனரின் பழைய மாதிரிகளில் திறப்பைத் திருப்பினால் மின்சாரம் மட்டும் வரும்; ஸ்டார்ட்டருக்குத் தனியே ஒரு குமிழை இழுக்க வேண்டும். பற்றரி இறங்கியிருந்தால் முன் பம்பரில் உள்ள துளைவழியே கைப்பிடியைச் செருகிச் சுழற்றலாம். திறப்பைத் திருப்பினாலே இயந்திரம் கிளம்பும் முறையைக் கிறைஸ்லர் நிறுவனம் 1949இல் கொண்டுவந்தது; பிறகு அதுவே உலக வழக்கமாயிற்று. ஆனால் அந்தக் காலத்துத் திறப்பைப் பாதுகாப்பின் சின்னமாக எண்ணுவது தவறு. பிரித்தானியக் கார்கள் பலவற்றில் பூட்டின் முகத்திலேயே திறப்பின் இலக்கம் பொறிக்கப்பட்டிருந்தது; அந்த இலக்கத்தைச் சொன்னால் கடையில் இன்னொன்று வாங்கலாம். மசி பேர்குசன் உழவு இயந்திரங்களில் ஒன்றின் திறப்பு அதே வகையின் இன்னொன்றுக்கும் பொருந்தியது. கள்வரைத் தடுத்ததைவிட, ‘இதற்கு உரியவர் ஒருவர் இருக்கிறார்’ என்று அறிவித்ததே அந்தத் திறப்பு செய்த பெரிய வேலை. அதோடு இன்னொரு வேலையையும் யாரும் கவனிக்காமலே செய்தது: திறப்பு கையில் இருந்தால் இயந்திரம் ஓடவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

பூட்டில் உறுதி குறைந்த இந்த எளிய இயந்திரங்களுக்கு ஒரு பெரும் பலம் இருந்தது. அதை வடக்கும் கிழக்கும் போர்க்காலத்தில்தான் முழுமையாக உணர்ந்தன. 1990இல் வடக்குக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் எரிபொருளும் பற்றரியும் அடங்கியிருந்தன. யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள் பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள்: கிளப்புவதற்கு மட்டும் சிறிது பெற்றோல், சூடேறியதும் மண்ணெண்ணெய். படுவான்கரையும் நீண்ட காலம் இராணுவக் கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு அப்பால் இருந்த நிலம். வவுணதீவில் இருந்த சோதனைச்சாவடிதான் நகருக்கும் அந்நிலத்துக்கும் இடையே எது போகலாம், எது போகக் கூடாது என்று தீர்மானித்தது. எரிபொருள் கொண்டுபோகவும் கட்டுப்பாடு இருந்தது. 2007இல் இராணுவம் படுவான்கரையைக் கைப்பற்றும்வரை நிலைமை அதுவே. அந்த ஆண்டுகளில் ஒரு வண்டி ஓடுமா ஓடாதா என்பது, அதன் உட்பாகங்களை ஊரில் ஒருவர் கழற்றிப் பூட்ட முடியுமா என்பதைப் பொறுத்திருந்தது. மண்ணெண்ணெயில் கார் ஓடியது ஒரு விநோதம் என்று சொல்லி நகர்ந்துவிடலாகாது. கார்பரேட்டரும் மின்சுற்றும் கண்ணுக்குத் தெரிந்தன, கைக்கு எட்டின, யாருடைய அனுமதியும் இல்லாமல் மாற்றியமைக்கக்கூடியனவாக இருந்தன என்பதே அதன் பொருள்.

இதே காலத்தில் ஐரோப்பா வேறொரு சிக்கலோடு போராடியது. கம்பிகளை இணைத்துக் காரைக் கிளப்பிக்கொண்டு போகும் திருட்டு அங்கே பெருகியிருந்தது. இதற்கு விடையாக வந்தது இம்மொபிலைசர். திறப்பின் தலைக்குள் ஒரு சிறு சில்லு இருக்கும். அது சொல்லும் குறியீட்டைக் காரின் கணினி ஏற்றுக்கொண்டால்தான் இயந்திரம் கிளம்பும். 1998 ஒக்டோபர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய கார்களுக்கு இது கட்டாயம். நெதர்லாந்தின் திருட்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2016இல் வெளியான பொருளியல் ஆய்வொன்று, இதனால் கார்த் திருட்டு சராசரியாக 40 வீதம் குறைந்ததாகக் கண்டது. இலத்திரனியல் பூட்டு வெறும் பகட்டு என்று சொல்வோருக்கு இது தக்க பதில். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த வெற்றி பூட்டுத் துளையில் செருகித் திருப்புகிற, சில்லு வைத்த திறப்பின் வெற்றி. திறப்பை வெளியே எடுக்காமலே கதவைத் திறப்பதும் இயந்திரத்தைக் கிளப்புவதும் அதன்மேல் ஏற்றப்பட்ட இன்னொரு அடுக்கு. 1993இல் கோர்வெட் காரில் அருகே வந்தாலே கதவு திறக்கும் வசதி வந்தது. 1998இல் மெர்சிடிஸின் எஸ் வகுப்புக் கார் பொத்தானால் கிளப்பும் முறையையும் சேர்த்துக்கொண்டது. கதவின் கைப்பிடியைத் தொட்டதும் கார் தாழ்ந்த அலைவரிசையில் ஓர் அழைப்பை அனுப்பும். அது ஒன்றிரண்டு மீற்றர் தூரத்துக்குத்தான் எட்டும். சட்டைப்பையில் உள்ள திறப்பு அதைக் கேட்டு, வானொலி அலையில் தன் குறியீட்டைத் திருப்பிச் சொல்லும். கார் நம்பும், கதவு திறக்கும்.

2010களில் பாவித்த ஜப்பானியக் கார்கள் இலங்கைக்குப் பெருமளவில் வந்தபோது இந்த முறையும் உடன் வந்தது. டொயோட்டா அக்குவா, பிரியஸ், ஹொண்டா வெசல், சுசுக்கி வாகன் ஆர் என்று நடுத்தர வருமானக் குடும்பத்தின் முற்றம்வரை அது வந்து சேர்ந்தது. அதன் நன்மைகள் கற்பனையல்ல. மூட்டுவலியால் விரலைத் திருப்ப முடியாத முதியவருக்குப் பொத்தான் பெரும் உதவி. குழந்தையை ஒரு கையில் ஏந்தியபடி மழையில் நிற்கும் தாய் கைப்பைக்குள் திறப்பைத் துழாவ வேண்டியதில்லை. போரில் கை இழந்தவர்கள் வாழும் மாவட்டம் இது. அவர்களுக்கு ஒரு கையசைவு குறைவதும் சிறிய விடயமல்ல. திறப்பைக் காருக்குள் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொள்ளும் பழைய தொல்லையும் பெரும்பாலும் ஒழிந்தது.

தீமைகளை எடுத்துக்கொண்டால், உலகம் அதிகம் பேசுவது இரண்டை. முதலாவது திருட்டு. வீட்டுக்குள் கிடக்கும் திறப்பின் அருகே ஒரு கருவி, காரின் அருகே இன்னொரு கருவி. இரண்டும் அலைகளைக் கடத்தினால், திறப்பு பக்கத்தில் இருப்பதாகக் கார் நம்பிவிடும். சூரிச்சிலுள்ள ஈ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8 நிறுவனங்களின் 10 கார் மாதிரிகளில் இதைச் சோதித்து, அத்தனையும் ஏமாந்ததை 2011இல் வெளியிட்டார்கள். இரண்டாவது நச்சுப்புகை. கையில் திறப்பு இருந்தும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கலாம். பழைய சாட்சி பொய்த்துவிட்டது. நியூயோர்க் டைம்ஸ் 2018இல் திரட்டிய கணக்கின்படி, மூடிய கராஜில் கார் ஓடிக்கொண்டே நின்றதால் 2006 முதல் அமெரிக்காவில் 28 பேர் கார்பன் மொனொக்சைட்டுக்குப் பலியாகியிருந்தார்கள். இந்த இரண்டு ஆபத்துகளையும் அப்படியே வவுணதீவின்மேல் ஏற்றுவது நேர்மையாகாது. இங்கே கார் நிற்பது பெரும்பாலும் காற்றோட்டமான கொட்டகையில் அல்லது மரநிழலில், புகை தங்காது. அலை கடத்தும் கருவியோடு கள்வர் குழு வயற்காட்டு ஒழுங்கைக்குள் வரும் வாய்ப்பும் குறைவு.

இந்த மண்ணுக்குரிய ஆபத்து வேறு. கணவர் மனைவியை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை வாசலில் இறக்கிவிடுகிறார். திறப்பு மனைவியின் கைப்பையில். ஓடிக்கொண்டிருக்கும் கார் எச்சரிக்கை ஒலி எழுப்பினாலும் நிற்காது; அப்படித்தான் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஆயித்தியமலைக்குப் போய் இயந்திரத்தை நிறுத்திவிட்டால் அது மீண்டும் கிளம்பாது. பாலத்துக்கு இந்தப் பக்கம் கார், அந்தப் பக்கம் திறப்பு. இது ஒரு பொழுதுச் சிக்கல். திறப்பு தொலைந்துபோனால் அது பல நாள் சிக்கல். பாவித்த கார்கள் பல ஒரே திறப்போடு கைமாறுகின்றன. சாதாரணத் திறப்பென்றால் திறப்பு வெட்டுகிறவர் அச்சைப் பார்த்து அராவிக் கொடுத்துவிடுவார். ஸ்மார்ட் திறப்பை வெட்ட முடியாது. காரின் கணினிக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டும். அதற்கான கருவியும் குறியீடும் பயிற்சியும் எல்லாக் கடையிலும் கிடையா, செலவும் பன்மடங்கு. 2011 ஜனவரியில் வந்ததைப் போன்ற வெள்ளத்தில் சட்டைப்பையோடு நனைந்த இரும்புத் திறப்பைத் துடைத்துவிட்டுப் பாவிக்கலாம். சில்லும் பற்றரியும் கொண்ட திறப்புக்கு அந்த உறுதி இல்லை. நூறாண்டாக வண்டிக்காரரின் கையிலும் ஊர் மெக்கானிக்கின் கையிலும் இருந்த ஓர் அறிவு, நிறுவனத்தின் கணினிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது என்பதே இதன் சாரம்.

போர் முடிந்துவிட்டது, தடைக்காலத்தை வைத்து இன்றைய காரை அளக்கலாமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் போர் இல்லாமலே தட்டுப்பாடு வரும் என்பதை 2022 காட்டிற்று. எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசை, பிறகு கியூ.ஆர். அட்டைப் பங்கீடு, டொலர் இல்லாமையால் இறக்குமதி நெருக்கடி என்று நாடே அனுபவித்தது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த 5 ஆண்டுகளும் இருந்த வண்டியையே பழுதுபார்த்து ஓட்ட வேண்டியிருந்தது. இன்னொருவர் சொல்லலாம்: வவுணதீவில் கார் வைத்திருப்போர் எத்தனை பேர், இது வசதியானவர்களின் கவலையல்லவா? இன்று அது காரின் கவலை. ஆனால் திறப்பில்லா முறை ஸ்கூட்டர்களிலும் வந்துவிட்டது, உழவு இயந்திரங்களும் கணினிமயமாகி வருகின்றன. விதைப்புக் காலத்தில் ஒரு நாள் இயந்திரம் நின்றால் இழப்பு யாருக்கு என்பது விவசாயிக்குத் தெரியும். மூன்றாவது எதிர்வாதம், இரும்புத் திறப்பும் தொலையும் என்பது. தொலையும்தான். ஆனால் தொலைந்ததை ஊருக்குள்ளேயே, அன்றைக்கே மீட்கலாம். வேறுபாடு அங்கேதான்.

ஆகவே திறப்பில்லாக் கார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மணிக்கட்டு முறிந்த காலத்துக்கு யாரும் திரும்ப வேண்டியதில்லை. வாங்குகிறவர் இரண்டு திறப்புகளைக் கேட்டு வாங்க வேண்டும். ஒன்றுதான் இருந்தால், கையில் இருப்பது தொலைவதற்கு முன்பே மற்றதைச் செய்துகொள்ள வேண்டும், ஏனெனில் ஒன்று கையில் இருக்கும்போது இரண்டாவதைப் பதிவது எளிது. ஸ்மார்ட் திறப்புக்குள் ஒளிந்திருக்கும் சிறிய உலோகத் திறப்பைக் கழற்றிக் கதவைத் திறக்கவும், பற்றரி செத்தால் திறப்பையே பொத்தானில் ஒட்டிப் பிடித்துக் கிளப்பவும் வீட்டில் எல்லோரும் பழகியிருக்க வேண்டும். குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் இயந்திரம் தானாக நிற்கும் வசதியை டொயோட்டா அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து தரத் தொடங்கியது; அதை நம் இறக்குமதி விதிகளும் கேட்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, அறிவைத் திரும்ப ஊருக்குள் கொண்டுவருவது. மட்டக்களப்பின் தொழில்நுட்பக் கல்லூரியிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் வாகனம் படிக்கும் இளைஞருக்கு இம்மொபிலைசரும் திறப்புப் பதிவும் பாடமாக வேண்டும். அதற்கான குறியீடுகளை, உரிமையாளரின் அடையாளத்தைச் சரிபார்த்து, தகுதிபெற்ற உள்ளூர்த் தொழிலாளருக்குத் தரும்படி வாகன நிறுவனங்களைச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். கார்பரேட்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் கார் ஓட்டக் கற்ற சமூகத்துக்குச் சில்லைப் படிப்பது எட்டாத வித்தையல்ல. அந்தப் படிப்பு வாவியின் மேற்குக் கரைக்கும் வந்துசேர்ந்தால், பொத்தான் இங்கே முழு நன்மையாகும். வராவிட்டால், பணம் கொடுத்து வாங்கிய வண்டியைக் கிளப்பும் அதிகாரம் வாங்கியவரிடம் இருக்காது.