போடிமெட்டில் ஏறி, குமுளியில் இறங்குங்க

"அண்ணே, சனி ஞாயிறு லீவு. நாலு பேர் பைக்ல வர்றோம். உங்க தேனிப் பக்கம் எப்படிப் போனா நல்லா இருக்கும்?" டவுன்ல இருந்து தம்பிமார் அடிக்கடி கேக்குற கேள்வி இது. அருவி எங்க இருக்கு, வியூ பாயின்ட் எங்க இருக்குன்னு செல்போனே சொல்லிடும். அதனால நான் பாதைகளோட கதையைச் சொல்றேன். கம்பம் பள்ளத்தாக்குல அழகு பார்க்கன்னு போட்ட ரோடு ஒண்ணுகூடக் கிடையாது. ஏலக்காய் இறங்குறதுக்கும், தேயிலை இறங்குறதுக்கும், தண்ணி இறங்குறதுக்கும், வேலைக்குப் போற சனம் ஏறுறதுக்கும் உண்டானதுதான் எல்லாம்.

முதல்ல 'மெட்டு'ன்னா என்னன்னு தெரிஞ்சுக்கங்க. மலைமுகட்டை ஏறிக் கடக்குற இடத்தை இங்க மெட்டும்பாங்க. போடிமெட்டு, கம்பம்மெட்டு, ராமக்கல்மெட்டு எல்லாம் அப்படி வந்த பேர்தான். தேவாரத்துக்காரங்க சாக்குலூத்து மெட்டுக்கு ரோடு கேட்டு கேட்டு தலைமுறையே மாறிப்போச்சு. இன்னைக்கு வண்டி மலையேற இந்தப் பக்கம் இருக்குறது மூணு வழி: போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி. நம்ம திட்டப்படி போடிமெட்டுல ஏறி, மலைமேலேயே தெற்கே போய், குமுளி வழியா இறங்குறோம். மூணாறு, டாப் ஸ்டேஷனையும் சேர்த்தா முன்னூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட வரும். எல்லாம் மலை ரோடுங்கிறதால ரெண்டு நாளுக்குச் சரியா இருக்கும்.

சனிக்கிழமை: தேயிலை இறங்கிய பாதை

தேனியில இருந்து வெள்ளனக் கிளம்பிப் போடி வாங்க. பெட்ரோலைப் போடியிலேயே நிரப்பிக்கங்க. ஏலக்காய் ஏலம் நடக்குற ஊர் இது. காய் விளையறது பூராம் மலைமேல கேரளத்து எல்லைக்குள்ள. அதை வாங்குற வியாபாரியும், தரம் பிரிக்கிற பொம்பளை ஆளும், தோட்டத்துக்குப் போற கூலி ஆளும் பெரும்பாலும் இங்கிட்டு.

போடியில ஒரு நிமிசம் நின்னு மேற்கே மலையைப் பாருங்க. அந்த மலைக்குப் பின்னாடிதான் மூணாறு. 1877ல ஜான் டேனியல் மன்றோங்கிற வெள்ளைக்காரர் பூஞ்சாறு ராஜாகிட்ட கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கினார். கொஞ்ச வருசத்துல அங்க தேயிலை வந்துச்சு. விளைஞ்ச தேயிலை இங்கிலாந்து போகணும், ஆனா மூணாறுல இருந்து மேற்கே இறங்குற வழி லேசுப்பட்டதில்லை. கிழக்கே போடிதான் வாசல்.

1902ல மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் ஒத்தத் தண்டவாளம் போட்டு, மாடு கட்டிப் பெட்டியை இழுத்தாங்க. 1908ல அதை எடுத்துட்டு ரெண்டடி அகலத்துல சின்ன ரயிலே விட்டாங்க. குண்டலை பள்ளத்தாக்கு ரயில்னு அதுக்குப் பேர். மாட்டுப்பட்டி, பாலாறு வழியா டாப் ஸ்டேஷனுக்கு வர்ற தேயிலைப் பெட்டி, அங்கிருந்து 5 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டின கம்பிவடத்துல தொங்கி, மலையடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கும். கொட்டகுடியில இருந்து போடிக்கு மாட்டு வண்டி. போடிக்கு ரயில் வந்தது 1928லதான். அதுவரைக்கும் நம்ம சனத்துக்கு ரயில் நிலையம்னா அம்மையநாயக்கனூர். இப்ப அதைக் கொடைரோடும்பாங்க.

1924 ஜூலையில பெரு மழை. கேரளத்துக்காரங்க கொல்லம் ஆண்டுக் கணக்குல '99 வெள்ளம்'னு இன்னும் சொல்றது அதைத்தான். பாலம், தண்டவாளம் எல்லாம் போச்சு. அந்த ரயிலை யாரும் திரும்பக் கட்டல. 1935ல நேரியமங்கலம் பாலம் திறந்தாங்க. அப்புறம் மூணாறுச் சரக்கு கொச்சிப் பக்கம் திரும்பிடுச்சு. கொட்டகுடி மறுபடி ஒரு மலையடிவாரக் கிராமமா ஆயிருச்சு. டாப் ஸ்டேஷனுக்கும் குரங்கணிக்கும் நடுவுல 'சென்ட்ரல் ஸ்டேஷன்'னு ஒரு குடியிருப்பு இருக்கு. ரயில் இல்லாத ஊருக்கு ஸ்டேஷன்னு பேர் வந்த கதை இப்பப் புரியுதுல்ல?

போடி ரயிலுக்கும் தனிக் கதை உண்டு. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல தண்டவாளத்தையே பிடுங்கிட்டுப் போனாங்க. சுதந்திரத்துக்கு அப்புறம் திரும்பப் போட்டாங்க. 2010 கடைசியில அகலப்பாதை ஆக்குறோம்னு நிறுத்தினது, 2023 ஜூன்லதான் மறுபடி போடிக்கு வந்துச்சு. பன்னெண்டு வருசத்துக்கு மேல ரயில் சத்தம் இல்லாம இருந்த ஊர் இது.

அடுத்து முந்தல் தாண்டி மலை ஏறும். போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. இங்க ஒண்ணைக் கண்டிப்பாச் சொல்லணும். விடிகாலையில இந்த ரோடு ஜீப்புக்காரங்களோடது. போடி, தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர்னு எல்லா ஊர்லயும் இருந்து ஏலத்தோட்டத்துக்குப் பொம்பளைங்க ஜீப்புல நெருக்கி உக்காந்து போவாங்க. சாயங்காலம் அதே மாதிரி இறங்குவாங்க. எங்க அப்பத்தா காலத்துல மூட்டையத் தலையில வச்சு நடந்தே ஏறினாங்க. வாரக்கணக்குல மேலேயே தங்கிட்டுத்தான் இறங்குவாங்க. வளைவுல எதிர்க்க ஒரு ஜீப் வந்தா அதுல பத்துப் பன்னெண்டு வீட்டு அடுப்பு இருக்குன்னு நெனச்சுக்கங்க. ஏறுற வண்டிக்கு வழி விடுங்க, வளைவுல ஹாரன் அடிங்க, உள்வளைவுல முந்தாதீங்க. மெட்டுல பனி மூடிட்டா நின்னு ஒரு டீயைக் குடிச்சுட்டுப் போகலாம். ஒண்ணும் ஓடிப் போயிறாது.

மேலே போனா பூப்பாறை. அதைத் தாண்டினா வலப்பக்கம் தேயிலைக்கு நடுவுல ஆனையிறங்கல் அணைத் தண்ணி தெரியும். பேரைப் பார்த்தாலே தெரியுது, ஆனை இறங்குற இடம். அரிக்கொம்பனை மறந்திருக்க மாட்டீங்க. 2023 ஏப்ரல்ல இந்தச் சின்னக்கானல் பக்கம் அதை மயக்க ஊசி போட்டுப் பிடிச்சு, லாரியில ஏத்திப் பெரியாறு காட்டுல விட்டாங்க. அது ஒரு மாசத்துல மலை இறங்கி மே 27 அன்னைக்குக் கம்பம் தெருவுல ஓடுச்சு. அப்புறம் திரும்பப் பிடிச்சு களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டு போனாங்க. அதனால இருட்டினப்புறம் இந்தப் பாதையில வண்டி ஓட்டாதீங்க.

மதியத்துக்குள்ள மூணாறு. அந்தச் சின்ன ரயிலோட சக்கரம் ஒண்ணு அங்க தேயிலை அருங்காட்சியகத்துல இருக்கு. சாப்பிட்டுட்டு டாப் ஸ்டேஷன் போங்க. மூணாறு வழியாத்தான் போகணும், ஆனா அது நம்ம கொட்டகுடி ஊராட்சிக்குள்ள வர்ற இடம். முனையில நின்னு கீழே பார்த்தா, கம்பிவடம் எந்தச் சரிவுல இறங்கியிருக்கும்னு மனசுல ஒரு கோடு போட்டுப் பார்க்கலாம்.

அந்தச் சரிவைப் பார்க்குறப்ப இன்னொண்ணும் ஞாபகம் வரும். 2018 மார்ச் 11. கொழுக்குமலையில இருந்து குரங்கணிக்கு இறங்கின சென்னை, ஈரோடு, திருப்பூர் பக்கத்து இளவட்டங்க காட்டுத்தீயில மாட்டினாங்க. 23 பேர் உயிர் போச்சு. வாரக்கடைசிக்கு மலை பார்க்க வந்த பிள்ளைங்க, உங்களை மாதிரித்தான். மாசி, பங்குனியில எங்க மலைப் புல் காஞ்ச வைக்கோல் மாதிரி. தீ காத்தோட மேல ஏறும், மனுசன் ஓடுறதைவிட வேகமா. வனத்துறை அனுமதி இல்லாத பாதையில யார் கூப்பிட்டாலும் போகாதீங்க. சனி ராத்திரி மூணாறுலேயே தங்கிக்கலாம்.

ஞாயிறு காலை: எல்லைக்கோட்டுப் பாதை

ஆறு மணிக்கே கிளம்பி, வந்த வழியே பூப்பாறை வந்து தெற்கே திரும்புங்க. சாந்தன்பாறை, உடும்பஞ்சோலை, நெடுங்கண்டம். ரெண்டு பக்கமும் உசந்த மரம், அதுக்கடியில ஏலச்செடி. வழியில டீக்கடையில தமிழ்ல கேட்டாலும் பதில் வரும். அதுக்குக் காரணம் இருக்கு.

1956 நவம்பர் 1ல மொழிவாரியா மாநிலம் பிரிச்சப்ப, திருவிதாங்கூர்ல தமிழர் அதிகம் இருந்த தாலுகாக்களைச் சென்னை மாகாணத்தோட சேர்க்கணும்னு நேசமணி தலைமையில போராட்டம் நடந்துச்சு. தேவிகுளம், பீர்மேடும் அந்தக் கோரிக்கையில முக்கியமா இருந்துச்சு. 1954 ஆகஸ்ட் 11ல மார்த்தாண்டம், புதுக்கடையில துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்ப்பலி ஆச்சு. கடைசியில அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாவும் செங்கோட்டையில ஒரு பகுதியும் நம்ம பக்கம் வந்துச்சு. தேவிகுளம், பீர்மேடு வரல. தோட்டத் தொழிலாளி நிலையா குடியிருக்கிறவன் கிடையாது, வந்து போறவன்னு அப்ப ஒரு வாதம் இருந்துச்சு. அதே சமயத்துல பட்டம் தாணுப்பிள்ளை அரசு, சமவெளியில இருந்து மலையாள விவசாயிகளைக் கூட்டிவந்து நெடுங்கண்டம் பக்கம் நிலம் குடுத்துக் குடியமர்த்தினாங்க. பட்டம் காலனின்னு இன்னைக்கும் பேர் இருக்கு. அவங்களும் காடு திருத்திப் பாடுபட்ட சம்சாரிங்கதான், அவங்க மேல எனக்கு வருத்தமில்லை. ஆனா எங்க ஊர்ல பாதி வீட்டுக்கு மேல ஒரு சொந்தமும் கீழ ஒரு சொந்தமும் இருக்கு. கோடு போட்டவங்க அதைப் பார்க்கல.

நெடுங்கண்டத்துல இருந்து தூக்குப்பாலம் வழியா ராமக்கல்மெட்டு போங்க. என்னைக் கேட்டா மொத்தப் பயணத்துலயும் நிக்கவேண்டிய இடம் இதுதான். மேற்கே இருந்து அடிக்கிற காத்து ஆளைத் தள்ளும், வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்துறப்பக் கவனம். முனையில நின்னு கிழக்கே பாருங்க. மலை சுவர் மாதிரி அப்படியே கீழே இறங்கும். கீழே எங்க பள்ளத்தாக்கு: தென்னை, வாழை, திராட்சைப் பந்தல், அதுக்கு நடுவுல நெல் வயல் பச்சை. உங்களுக்குப் பின்னாடி நிக்கிறது மழைக்காடு. முன்னாடி தெரியுறது மழை மறைவுப் பிரதேசம். அங்க எப்படி ரெண்டு போகம் நெல்லு விளையுதுன்னு ஒரு கேள்வி வரணும். அதுக்குப் பதில் குமுளியில இருக்கு.

ஞாயிறு மதியம்: தண்ணி இறங்கிய பாதை

புளியன்மலை, வண்டன்மேடு வழியா குமுளி. தேக்கடியில படகுக்கு வரிசையில நிக்கிற ஏரி வெறும் ஏரி இல்ல, முல்லைப் பெரியாறு அணை தேக்கி வச்ச தண்ணி.

மேற்கே ஓடிக் கடல்ல விழுற பெரியாத்தைக் கிழக்கே திருப்பணுங்கிற யோசனை வெள்ளைக்காரனுக்கு முன்னாடியே உண்டு. 1789ல ராமநாதபுரம் சேதுபதியோட பிரதானி முத்திருளப்ப பிள்ளை இதை ஆராய வச்சார். பணம் அதிகம் ஆகும்னு விட்டுட்டாங்க. 1808ல கால்டுவெல்ங்கிற அதிகாரி வந்து பார்த்துட்டு, நடக்காத காரியம்னு எழுதினார். 1876-78 தாது வருசப் பஞ்சம் எல்லாத்தையும் மாத்துச்சு. பென்னிகுவிக்கோட திட்டம் 1882ல தயாராச்சு. 1886 அக்டோபர் 29ல திருவிதாங்கூரோட 999 வருசக் குத்தகை. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருசம் 5 ரூபாய், ஆக 40,000 ரூபாய். 1887ல வேலை ஆரம்பிச்சு 1895 அக்டோபர்ல திறந்தாங்க. சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் சேர்த்துக் கட்டின அணை.

வெள்ளம் வந்து வேலையை அடிச்சுட்டுப் போனதும், காய்ச்சல்லயும் காலராவுலயும் கூலிக்காரங்க செத்ததும் எல்லாம் உண்டு. பென்னிகுவிக் இங்கிலாந்துல இருந்த சொத்தை வித்து அணையைக் கட்டினார்னு ஊர்ல சொல்லுவாங்க. கட்டினது சென்னை மாகாண அரசு பணத்துலதான். அதனால அவர் மதிப்பு எனக்குக் குறையல. நடக்காதுன்னு எழுதி வச்ச வேலையை முடிச்சுக் காட்டினாரே, அது போதும். பேர் தெரியாமச் செத்த கூலி ஆளுங்களுக்கும் அதே கும்பிடு போடணும்னுதான் நான் சொல்றது.

குமுளியில இருந்து இறங்குறப்ப மெதுவா வாங்க. சின்ன கியர்ல இறங்குங்க, பிரேக்கை மட்டும் நம்பாதீங்க. மலையில இறங்குற நாலு ராட்சதக் குழாயைப் பார்க்கலாம். ஏரித் தண்ணி மலையைக் குடைஞ்ச சுரங்கம் வழியா இந்தப் பக்கம் வந்து, குழாயில இறங்கி லோயர் கேம்ப் மின்நிலையத்துல கரண்டு எடுத்துட்டு, அப்புறம் எங்க வயலுக்கு வருது. கீழே பென்னிகுவிக் மணிமண்டபம், 2013 ஜனவரி 15ல திறந்தது. அவர் பிறந்த நாளும் அதே தேதிதான், தைப் பொங்கலோட சேர்ந்து வரும். அதனால எங்க பக்கம் அவருக்கும் பொங்கல் வைக்கிறது வழக்கம்.

இதே ரோடு 2011 டிசம்பர்ல அடைபட்டுக் கிடந்துச்சு. அணைப் பிரச்சினைக்காக ஊர் ஊரா சனம் குமுளியைப் பார்த்து நடந்தோம். அந்தக் கூட்டத்துல நானும் ஒருத்தன். அந்த நாள்ல ஏலத்தோட்ட வேலையும் நின்னுச்சு, இங்கிட்டுக் காய்கறி ஏறவும் இல்ல. அப்பத்தான் ரெண்டு பக்கமும் எம்புட்டு ஒருத்தரை ஒருத்தர் நம்பியிருக்கோம்னு தெரிஞ்சுச்சு. 2014 மே 7ல உச்ச நீதிமன்றம் 142 அடி வரைக்கும் தேக்கலாம்னு சொல்லுச்சு. பேச்சு இன்னும் ஓயல.

கூடலூர்ல இருந்து தேனி வரைக்கும் ரோட்டோரம் பார்க்குற வயக்காடு 14,707 ஏக்கர் இருபோகத்துல சேர்ந்தது. நேரமிருந்தா ரெண்டு நிறுத்தம். உத்தமபாளையத்துல பாறையில செதுக்கின சமணச் சிற்பங்கள், பாண்டியர் காலத்தது. அடுத்து சின்னமனூர். பாண்டியர் வம்ச வரலாறைச் சொல்ற செப்பேடு கிடைச்ச ஊர். மதுரையில சங்கம் வச்சது, பாரதத்தைத் தமிழ்ப்படுத்தினதுன்னு அதுல குறிப்பு இருக்கு. இன்னைக்கு வாழைத்தார் லாரிக்கு நடுவுல வண்டி ஓட்டிக்கிட்டு அந்த ஊரைக் கடந்து போயிடுறோம்.

எப்ப வரலாம்

ஜூன், ஜூலையில மலைமேல மழை, மண் சரியும். மாசியில இருந்து சித்திரை வரைக்கும் தீ பயம். சித்திரா பௌர்ணமி அன்னைக்கு மட்டும் குமுளிக்கு மேல மங்கலதேவி கண்ணகி கோயில் திறப்பாங்க, அன்னைக்குக் கூட்டத்துல பைக் பயணம் சரிப்படாது. புரட்டாசிக் கடைசி, அப்புறம் மார்கழி, தை நல்ல காலம். தையில வந்தா ரெண்டாம் போகம் பச்சை கட்டி நிக்கும். ரெண்டு பேருக்கும் ஹெல்மெட், வண்டிப் பேப்பர் எல்லாம் சரியா இருக்கட்டும், எல்லையில கேப்பாங்க. பிளாஸ்டிக் பாட்டிலை மலையில போடாதீங்க, அது மழையோட இறங்கி எங்க வாய்க்கால் மடையிலதான் வந்து அடைக்கும். இறங்குறப்ப வழியில பன்னீர் திராட்சை வித்தா ஒரு கிலோ வாங்கிக்கங்க. அதுவும் அந்தத் தண்ணியில விளைஞ்சதுதான்.