ருமேனிய மகளிர் டெனிஸின் முன்னோடி விர்ஜினியா ருசிச்

ருமேனியாவின் விளையாட்டுத்துறை என்றதும், 1976ஆம் ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக்கில் 10 புள்ளிகளை முழுமையாகப் பெற்ற நாடியா கொமனேச்சியே நம்மிற் பலருக்கு நினைவில் வருவார். டெனிஸ் என்றால் இலியே நஸ்டாசே. இவ்விருவரது புகழின் நிழலில் மறைந்து போனவர் விர்ஜினியா ருசிச். கிராண்ட் ஸ்லாம் போட்டியொன்றில் ஒற்றையர் பட்டம் வென்ற முதலாவது ருமேனியப் பெண்மணி அவரே.

திரான்சில்வேனியாவின் கம்பியா துர்சி நகரில் 1955ஆம் ஆண்டு பிறந்த ருசிச், களிமண் தரையில் வலிமைமிக்க ஃபோர்ஹாண்ட் அடிகளால் எதிராளியைக் களைக்கச் செய்பவர். 1978ஆம் ஆண்டு பிரெஞ்சு பகிரங்க டெனிஸ் இறுதிப் போட்டியில், நடப்புச் சம்பியனான யூகோஸ்லாவியாவின் மிமா யாவுஷோவெச்சை 6-2, 6-2 என்ற செட் கணக்கில் இலகுவாக வீழ்த்தினார். முந்திய ஆண்டு இறுதிப் போட்டியில் மற்றொரு ருமேனிய வீராங்கனையான புளோரென்ட்சா மிகாயைத் தோற்கடித்தவர் இதே யாவுஷோவெச் ஆவார். ஆயினும், ருசிச்சும் அவரும் இணைந்தே அவ்வாண்டு இரட்டையர் பட்டத்தையும் வென்றனர் என்பது சுவையான செய்தி.

கிறிஸ் எவர்ட், மார்ட்டினா நவ்ரத்திலோவா ஆகியோர் அமெரிக்க அணிகளுக்கிடையிலான தொடரில் ஆடியதால் அவ்வருடம் பாரிஸுக்கு வரவில்லை. இதனைக் காட்டி ருசிச்சின் வெற்றியைக் குறைத்து மதிப்பிடுவோர் உளர். அதில் ஓரளவு உண்மை இருப்பதை நாம் மறுக்கவில்லை. 1980இல் மீண்டும் இறுதிப் போட்டிக்கு வந்த அவரை எவர்ட் 6-0, 6-3 எனத் தோற்கடித்தார். எனினும், இரு வருட இடைவெளியில் இரு தடவைகள் இறுதிப் போட்டி வரை முன்னேறியதை வெறும் அதிர்ஷ்டம் எனத் தள்ளிவிட முடியாது. அவர் வென்ற ஒற்றையர் பட்டங்கள் 12. உலகத் தரவரிசையில் 8ஆம் இடம் வரை உயர்ந்தார். 1987இல் ஓய்வு பெற்றார்.

அவர் அறியாமலே நிகழ்ந்த விளைவொன்றும் உண்டு. ருசிச் பெருந்தொகைக் காசோலையொன்றைப் பரிசாகப் பெறுவதைத் தொலைக்காட்சியில் கண்ட பின்னரே, தமக்குப் பிறக்கவிருக்கும் பிள்ளைகளை டெனிஸில் ஈடுபடுத்தத் தீர்மானித்ததாக அமெரிக்கரான ரிச்சர்ட் வில்லியம்ஸ் கூறியுள்ளார். அப்பிள்ளைகளே வீனஸும் செரீனாவும். இருவரும் வென்ற கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டங்கள் மொத்தம் 30!

தாயகத்திலோ ருசிச்சிற்கு வாரிசு கிடைக்க நெடுங்காலம் சென்றது. 1980இன் பின்னர் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் இறுதிப் போட்டியில் ஆடிய முதல் ருமேனியப் பெண் சிமோனா ஹலெப், ஆண்டு 2014. அவரது முகாமையாளராகப் பணியாற்றியவர் ருசிச்சே. அன்று மரியா ஷரபோவாவிடம் தோற்ற ஹலெப், 2018இல் அதே பாரிஸ் மைதானத்தில் ஸ்லோன் ஸ்டீபன்ஸை வென்று கிண்ணத்தைப் பெற்றார். ருசிச் வென்று அப்போது சரியாக 40 ஆண்டுகள் ஆகியிருந்தன.