திண்ணைப் பேச்சும் பாதையின் உரிமையும்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்திலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை



ஃபஜ்ர் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியேறுவோர் உடனே வீடு திரும்பிவிடுவதில்லை. வாசற்படியில் செருப்பைத் தேடும்போதே பேச்சு தொடங்கிவிடும். "நேற்று உங்கள் பக்கம் மழை உண்டா?" "பேரனுக்குக் காய்ச்சல் விட்டதா?" "மகன் சென்னையிலிருந்து வந்துவிட்டானா?" அங்கிருந்து கால்கள் தாமாகவே தெருமுனைத் தேநீர்க் கடைக்கு நடக்கும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இக்காட்சியைக் காணாதவர் இல்லை. வீட்டில் கேட்டால், "சும்மா பேசிக்கொண்டிருந்தோம்" என்பதே பதிலாக வரும்.

அந்தச் 'சும்மா' என்னும் சொல்லே நம்மில் பலருக்கு உறுத்தலாக இருக்கிறது. வெற்றி பெற்ற இறைநம்பிக்கையாளர்கள் வீணானவற்றைப் புறக்கணிப்பவர்கள் என்று சூரா அல்முஃமினூன் கூறுகிறது. அவ்வாறாயின், பயனெதுவும் இல்லாததுபோல் தோன்றும் இந்தப் பேச்சை என்ன செய்வது? இதில் மனிதர்களுக்கு இத்தனை இன்பம் ஏன்? வரலாற்றின் துணையோடு இக்கேள்வியை அணுகிப் பார்ப்போம்.

திண்ணை கற்பித்த பண்பாடு

திண்டிவனம் என்னும் பெயரைத் 'திந்திரிணி வனம்' என்பதன் திரிபாகக் கூறுவர். திந்திரிணி என்றால் புளி. புளிய மர நிழலில் வழிப்போக்கர்கள் இளைப்பாறிய நிலம் இது. புதுச்சேரிக்கும், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும், தெற்கே திருச்சிக்கும் செல்லும் பாதைகள் இங்கிருந்தே பிரிகின்றன. பாதைகள் கூடும் ஊரில் பேச்சும் கூடுவது இயல்பு.

அந்தப் பேச்சுக்கு நம் முன்னோர் கட்டிக்கொடுத்த இடமே திண்ணை. அது வீட்டுக்கு உரியது. ஆயினும் தெருவில் செல்பவரும் அமரலாம். அழைப்பு வேண்டியதில்லை, அனுமதியும் வேண்டியதில்லை. பிள்ளைகள் அரிச்சுவடி கற்ற இடமும் அதுவே. திண்ணைப் பள்ளிக்கூடம் என்ற பெயரே அதற்குச் சான்று. மாலையில் அதே திண்ணையில் படிக்கத் தெரிந்த ஒருவர் 'பெரிய எழுத்து'க் கதைப் புத்தகத்தை உரக்க வாசிக்க, சுற்றியிருப்போர் கேட்டுக்கொண்டும் இடையிடையே கருத்துச் சொல்லிக்கொண்டும் இருப்பர்.

அவ்வாறு வாசிக்கப்பட்டவற்றுள் தேசிங்கு ராஜன் கதையும் ஒன்று. 1714ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாப் சஆதத்துல்லாஹ் கானின் படையை எதிர்த்துப் போரிட்டுச் செஞ்சியின் இளம் அரசன் தேசிங்கு உயிர்நீத்தான். அவனுடைய உற்ற நண்பன் மகபத்கான் ஒரு முஸ்லிம். தன் திருமண வேளையில் போர்ச் செய்தி கேட்டு, அதை விட்டுவிட்டு நண்பனோடு களம் புகுந்து மாண்டான் என்று கதைப்பாடல் சொல்கிறது. நவாபும் முஸ்லிம், நண்பனும் முஸ்லிம். எனினும் நட்பின் கடனை மகபத்கான் மறக்கவில்லை என்பதையே மக்கள் நினைவில் வைத்துப் போற்றினர். போருக்குப் பின் 1717-18இல் நவாப் எழுப்பிய பள்ளிவாசல் செஞ்சிக் கோட்டைக்குள் இன்றும் நிற்கிறது. கல்லில் எழுந்த பள்ளிவாசல் வென்றவரின் வரலாற்றைச் சொல்ல, தோற்ற நண்பர்களின் வரலாற்றைத் திண்ணைப் பேச்சு காப்பாற்றித் தந்தது.

விழுப்புரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் உள்ள புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பும் இவ்வாறானதே. யார் வந்தார், என்ன பேசினார், ஊரில் என்ன வதந்தி உலவுகிறது என்பன அதில் நிறைந்திருக்கின்றன. அன்றைக்கு அற்பமாகத் தோன்றியிருக்கக்கூடிய உரையாடல்களே இன்று ஆய்வாளர்களுக்கு அரிய ஆவணமாகிவிட்டன.

கோப்பைக்கு விழுந்த தடை

மக்கள் கூடிப் பேசுவதை எல்லோரும் விரும்பியதில்லை. ஏமனின் சூஃபிகள் இரவு வணக்கத்தில் விழித்திருக்கப் பருகிய காப்பி, மக்கமாநகரை அடைந்ததும் மக்களை ஓரிடத்தில் கூட்டியது. 1511ஆம் ஆண்டு அந்நகரின் அதிகாரியாக இருந்த காயிர் பெக், இரவில் பள்ளிக்கு அருகே சிலர் கூடிக் காப்பி அருந்துவதைக் கண்டு ஐயம் கொண்டார். அறிஞர்களைக் கூட்டிக் காப்பிக்குத் தடை விதித்தார். பின்னர் கெய்ரோவிலிருந்து வந்த ஆணை அத்தடையின் கடுமையைத் தளர்த்தியது. 1633இல் உஸ்மானிய சுல்தான் நான்காம் முராத், இஸ்தான்புல்லின் காப்பிக் கடைகளை மூடச் செய்தார். 1675இன் இறுதியில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸும் அவ்வாறே ஆணையிட்டு, எதிர்ப்பைக் கண்டு சில நாள்களிலேயே அதைத் திரும்பப் பெற்றார். இவர்கள் அஞ்சியது கோப்பையில் இருந்த பானத்தைவிட, அதைச் சுற்றி எழுந்த பேச்சைத்தான்.

அதே காப்பிக் கொட்டையைப் பதினேழாம் நூற்றாண்டில் பாபா புதன் என்ற சூஃபிப் பெரியார் ஹஜ்ஜிலிருந்து திரும்பும்போது சிக்மகளூர் மலைக்குக் கொண்டுவந்தார் என்பது வழிவழிச் செய்தி. தமிழகத்து வீடுகளில் அது பரவலாக நுழைந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதற்குப் பின்னும்தான். தேநீர் இன்னும் பிந்தி வந்தது. 1930களில் இந்தியத் தேயிலைச் சந்தை விரிவாக்க வாரியம் ஊர் ஊராகச் செய்த பரப்புரை, தேநீரை எளிய மக்களின் பானமாக்கியதில் பங்கு வகித்தது. அக்கோப்பையோடு, திண்ணை இல்லாதவர்களுக்கும் அமர்ந்து பேச ஒரு பெஞ்சு கிடைத்தது.

சந்திப்பில் காத்திருந்தவர்கள்

விழுப்புரம் வேறொரு வகையில் பேச்சின் ஊர். 1879இல் புதுச்சேரிக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டதிலிருந்து அது ஒரு சந்திப்பாக வளரத் தொடங்கியது. இன்று சென்னை, மயிலாடுதுறை, விருத்தாசலம் வழியாகத் திருச்சி, காட்பாடி, புதுச்சேரி என ஐந்து திசைகளில் பாதைகள் பிரிகின்றன. வண்டி மாறுவோர் காத்திருக்க வேண்டும். காத்திருப்பவரின் வாய் சும்மா இருப்பதில்லை. "எந்த ஊருக்குப் பயணம்?" என்று தொடங்கும் பேச்சு, "அந்த ஊரில் இன்னாரைத் தெரியுமா?" என்று நீண்டு, சில நேரங்களில் சம்பந்தத்தில் போய் முடிவதும் உண்டு.

இத்தகைய பேச்சுக்கு ஒரு தனிப் பணி உண்டு என்பதை 1923இல் மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி விளக்கினார். நலம் விசாரிப்பதும் வானிலையைப் பற்றிச் சொல்வதும் செய்தியைத் தெரிவிப்பதற்காக அல்ல. மனிதரை மனிதரோடு பிணைப்பதற்காகவே என்பது அவர் கருத்து. 2014இல் சிகாகோ நகரில் நிக்கலஸ் எப்ளி, ஜூலியானா ஷ்ரோடர் என்னும் ஆய்வாளர்கள் இரயில் பயணிகளிடம் ஒரு சோதனை செய்தனர். அறிமுகமற்ற சகபயணியோடு பேசுவதைவிடத் தனித்திருப்பதே இனிமையாக இருக்கும் என்றுதான் மக்கள் எதிர்பார்த்தனர். ஆனால் பேசியபடி பயணித்தவர்களே தம் பயணம் இனிதாக இருந்தது என்றனர். பேச்சு தரும் இன்பத்தை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம் என்பது இதிலிருந்து தெரிகிறது.

வள்ளுவரும் இதை அறிந்திருந்தார். சுற்றத்தாரோடு மனம் கலந்து அளவளாவாதவன் வாழ்க்கையைக் கரையில்லாத குளத்தில் நிறைந்த நீருக்கு அவர் ஒப்பிடுகிறார். ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்த இவ்வட்டார மக்களுக்கு அவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. கரை உடைந்தால் நீர் என்னவாகும் என்பதை அவர்கள் அறிவார்கள்.

நபியவர்களின் சபை

நம் மார்க்கம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஃபஜ்ர் தொழுதபின் சூரியன் உதிக்கும்வரை தொழுத இடத்திலேயே அமர்ந்திருப்பார்கள், தோழர்கள் தம் அறியாமைக் காலத்து நிகழ்வுகளைப் பேசிச் சிரிப்பார்கள், அண்ணலார் புன்னகைப்பார்கள். இதை ஜாபிர் பின் ஸமுரா (ரலி) அறிவிப்பதாக முஸ்லிமில் காண்கிறோம். அனஸ் (ரலி) அவர்களின் தம்பியான சிறுவர் அபூஉமைரிடம், அவர் வளர்த்த சின்னஞ்சிறு பறவையைப் பற்றி அண்ணலார் விசாரித்ததும் நாம் அறிந்ததே. ஓர் உம்மத்தின் பொறுப்பைச் சுமந்தவர்கள் ஒரு குழந்தையின் பறவைக்காக நேரம் ஒதுக்கினார்கள். பதினோரு பெண்கள் கூடி அமர்ந்து தத்தம் கணவரைப் பற்றிப் பேசிய நீண்ட கதையை அன்னை ஆயிஷா (ரலி) சொல்ல, அதை முழுவதும் கேட்டு, இறுதியில் அன்பொழுக மறுமொழி கூறிய வரலாறு புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. மனைவி பேசத் தொடங்கியதும் கைப்பேசியை எடுக்கும் நமக்கு இதில் பாடம் இருக்கிறது.

பாதையோரங்களில் அமர்வதைத் தவிர்க்குமாறு அண்ணலார் ஒருமுறை கூறினார்கள். எங்களுக்கு வேறு வழியில்லை, அங்கேதான் நாங்கள் அமர்ந்து பேசுகிறோம் என்று தோழர்கள் முறையிட்டனர். அப்படியானால் பாதைக்கு அதன் உரிமையைக் கொடுங்கள் என்றார்கள். பார்வையைத் தாழ்த்துதல், பிறருக்குத் துன்பம் தராதிருத்தல், ஸலாமுக்குப் பதிலளித்தல், நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் ஆகியவையே அவ்வுரிமைகள். திண்ணைக்கும் தேநீர்க் கடை பெஞ்சுக்கும் இதைவிடச் சிறந்த சட்டம் எது? தோழர்களின் இயல்பான விருப்பம் இங்கே மறுக்கப்படவில்லை. அதற்குக் கரை கட்டப்பட்டது.

கரை உடையும் இடங்களும் நமக்குக் காட்டப்பட்டுள்ளன. புறம் பேசுதல் இறந்த சகோதரனின் இறைச்சியைப் புசிப்பதற்கு ஒப்பாகும் என்று சூரா அல்ஹுஜுராத் எச்சரிக்கிறது. அன்னை ஸைனப் (ரலி) அவர்களின் வலீமா விருந்துக்கு வந்தவர்களுள் சிலர் உண்டு முடித்தபின்னும் பேச்சின் சுவையில் எழ மறந்தார்கள். அது நபியவர்களுக்குச் சங்கடமாக இருந்தும், சொல்ல வெட்கப்பட்டார்கள். அப்போது இறங்கிய சூரா அல்அஹ்ஸாபின் வசனம், உண்டதும் கலைந்து செல்லுமாறு கட்டளையிட்டது. இஷாவுக்குப் பின் வெறும் பேச்சில் ஈடுபடுவதையும் அண்ணலார் விரும்பவில்லை.

பேச்சை விரும்பாதவர்களும் நம்மவர்களே

எல்லோருக்கும் கூட்டம் இனிப்பதில்லை. ரபதாவில் தனித்து வாழ்ந்து அங்கேயே மறைந்தவர் அபூதர் (ரலி). சகோதரனின் முகம் பார்த்துப் புன்னகைப்பதும் தர்மமே என்ற நபிமொழியைத் திர்மிதீயில் அறிவிப்பவரும் அவரேதான். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 1095இல் பக்தாதின் புகழை உதறித் தனிமையை நாடிச் சென்றார். பின்னர் அவர் எழுதிய இஹ்யாவில் தோழமையின் ஒழுங்குகளுக்கு ஒரு நூலும், தனித்திருத்தலுக்கு ஒரு நூலும், நாவின் தீங்குகளுக்கு ஒரு நூலும் உண்டு. ஆகவே, ஸலாம் சொல்லிவிட்டு அமைதியாக வீடு திரும்புபவரைக் 'கர்வம் பிடித்தவர்' என்று நாம் பட்டம் கட்டலாகாது. அவர் தரும் புன்னகையே அவர் பங்கு.

இல்லாதவரைத் தேடும் பேச்சு

இன்று திண்ணைகள் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் இரும்புக் கதவுகள் நிற்கின்றன. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கால் பள்ளிவாசல்கள் மூடப்பட்டபோதுதான், தொழுகையோடு சேர்த்து அந்த வாசற்படிப் பேச்சையும் இழந்தோம் என்பதைப் பலர் உணர்ந்தோம். தனிமை ஒரு நோய்க்காரணி என்ற அளவுக்கு நிலைமை முற்றி, 2023 நவம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் சமூகத் தொடர்புக்கென ஓர் ஆணையத்தையே அமைத்தது.

மஸ்ஜிதுந் நபவீயைப் பெருக்கிவந்த ஒருவர் இறந்தபோது, அதைப் பெரிய செய்தியாகக் கருதாமல் தோழர்கள் அடக்கம் செய்துவிட்டனர். அவரைக் காணாத அண்ணலார் விசாரித்தார்கள். செய்தி அறிந்ததும் எனக்கு ஏன் தெரிவிக்கவில்லை என்று கேட்டு, கப்ருக்கே சென்று அவருக்காகத் தொழுதார்கள். 'இன்னாரைக் காணோமே' என்ற ஒரு சிறு கேள்வியின் மதிப்பு இதுதான். நாள்தோறும் நாம் பேசும் அற்பப் பேச்சுகளே அக்கேள்வி பிறக்கும் இடம். இரண்டு நாளாக ஃபஜ்ருக்கு வராத முதியவர், மருத்துவச் செலவுக்குத் திணறும் குடும்பம், வெளியூரில் பிள்ளைகள் இருக்கத் தனியே வாழும் தாய் ஆகியோரின் நிலையை ஜமாஅத்தின் பதிவேட்டிலிருந்து நாம் அறிவதில்லை; தேநீர்க் கடைப் பேச்சிலிருந்தும், பெண்கள் மாலையில் வாசலில் நின்று பேசும் பேச்சிலிருந்துமே அறிகிறோம்.

ஆகவே நாளைக் காலை பள்ளி வாசலில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். தமிழ் பேசுபவர் உருது பேசும் அண்டை வீட்டாரிடமும், முதியவர் இளைஞரிடமும் நலம் கேளுங்கள். இல்லாதவரைப் பற்றிப் பேச நேர்ந்தால், குறை சொல்வதற்காக அன்றி, தேடிச் செல்வதற்காகப் பேசுங்கள். வீட்டில் காத்திருப்பவருக்கும் அப்பேச்சில் ஒரு பங்கைக் கொண்டுசெல்லுங்கள்.

நம் நாவுகளை நன்மையின் திறவுகோல்களாக அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.