சாம்பாருக்குப் பேர் வச்சது சம்பாஜியா?

சாம்பார் பிறந்த கதை உங்களுக்கும் நாலு தடவையாவது வந்திருக்கும். தஞ்சாவூரை ஆண்ட மராட்டிய மன்னர் சகஜி (1684-1712) சமையலில் கெட்டிக்காரராம். சிவாஜியின் மகன் சம்பாஜி அவர் வீட்டுக்கு விருந்துக்கு வந்தாராம். மராட்டியர்கள் பருப்புக் குழம்பில் போடற கோகம் அன்னிக்குப் பார்த்துத் தீர்ந்துபோச்சாம். பதிலுக்கு நம்மூர்ப் புளியைக் கரைச்சு விட்டாங்களாம். விருந்தாளி பேரையே குழம்புக்கு வச்சுட்டாங்களாம். எத்தனை 'ஆம்' பாருங்க :-)

தேதிக் கணக்குல குறை சொல்ல முடியாது. சம்பாஜி ஆண்டது 1681-லிருந்து 1689 வரை. அதனால அஞ்சு வருஷம் ரெண்டு பேருமே ஆட்சியில் இருந்தாங்க. சிவாஜியின் மாற்றாந்தாய் சகோதரர் ஏகோஜியின் மகன்தான் சகஜி, அதனால பங்காளி உறவும் சரி. இடிக்கிறது ரெண்டு விஷயம்: ஒண்ணு புளி, இன்னொண்ணு சொல்.

முதல்ல புளி. பெரிய கோயில் 1010-ல் கட்டி முடிஞ்சது. அங்கே இருக்கும் சோழர் காலக் கல்வெட்டுகள், சாமிக்குப் படைக்கிற அமுதுக்கு என்னென்ன சாமான், எவ்வளவு நெல் என்று கணக்கு எழுதி வச்சிருக்கு. அதில் மிளகு, நெய், தயிரோட புளியும் இருக்கு. மராட்டியர் வர்றதுக்கு அறுநூறு வருஷத்துக்கு மேல முன்னாடியே இந்த ஊர் அடுப்படியில புளி இருந்தது. (மிளகாய்தான் இல்லை. அது போர்ச்சுக்கீசியர் வந்தப்புறம் வந்தது. 'மிளகு போலக் காரமான காய்' என்று பேரிலேயே கதை இருக்கே!)

அடுத்தது சொல். தமிழில் 'சம்பாரம்' என்றால் மசாலாச் சாமான். 'சேர்த்து வைத்த பொருட்கள்' என்ற பொருளுள்ள வடசொல்லிலிருந்து வந்தது. 1530-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்றில் கோயில் அமுதுபடி பற்றிச் சொல்லும்போது இந்தச் சொல் வருது. கல்வெட்டு தேதி போட்ட லாக் ஃபைல் மாதிரி. பின்னாடி வந்தவங்க சுலபமா மாத்த முடியாது. தஞ்சையில மராட்டியர் ஆட்சி ஆரம்பிச்சது 1670-களில். சம்பாஜி பிறந்ததே 1657-ல்!

பக்கத்து மொழிகளிலும் பாருங்க. கன்னடத்தில் 'சாம்பார பதார்த்த' என்றால் மசாலாப் பொருள். மலையாளத்தில் 'சம்பாரம்' இஞ்சி, மிளகாய் தட்டிப் போட்ட மோர். மராட்டியர் ஊரான விதர்பாவிலோ 'சாம்பார்' என்றால் கொத்தமல்லித் தழை! இத்தனை ஊரில் இத்தனை அர்த்தத்தில் புழங்கும் சொல்லுக்கு ஒரு ராஜா பேர் எதுக்கு?

அதுக்காக மராட்டியர் நம்ம சமையலுக்கு ஒண்ணும் தரலைன்னு அர்த்தமில்லை. இரண்டாம் சரபோஜி (1798-1832) காலத்தில் அரண்மனைச் சமையலை 'சரபேந்திர பாகசாஸ்திரம்' என்று மராட்டியில் எழுதியே வச்சாங்க. டெல்டா வீடுகளில் இன்னிக்கும் கத்திரிக்காய் ரசவாங்கி செய்யறாங்க. 'வாங்கி' மராட்டியில் கத்திரிக்காய். அப்போ கத்திரிக்காய் ரசவாங்கின்னா கத்திரிக்காயை ரெண்டு தடவை சொல்றோம்! பாகற்காய் பிட்லையின் பேர் அவங்களோட 'பிட்லா'. அது கடலைமாவுக் கூழ், நம்மது பருப்பும் தேங்காயும் அரைச்சு விட்டது. பேர் தங்கிடுச்சு, பண்டம் மாறிடுச்சு. உளுத்தமாவு டாங்கர் பச்சடியும் போளியும் அதே வழியில வந்தவைதான்.

இந்தப் பக்கம் சோழர் காலச் சொல்லும் சாகலை. கல்வெட்டில் இருக்கும் 'கறியமுது' ஐயங்கார் வீடுகளில் இன்னும் பேச்சு வழக்கில் இருக்கு. ரசத்தைச் 'சாத்தமுது' என்பதும் அந்த அமுது வரிசைதான்.

எனக்கு உறுத்தறது இதுதான். ரசவாங்கிக்கும் பிட்லைக்கும் யாரும் ராஜா கதை கட்டலை. மராட்டியர் நிஜமா விட்டுட்டுப் போன தடம் அவைதான், அதைப் பத்திப் பேச ஆளில்லை. அவங்களுக்கு முன்னாடியே இருந்த சொல்லைத் தூக்கி அவங்க கணக்குல எழுதறோம். கோயில் மடப்பள்ளியிலும் வீட்டு அடுப்படியிலும் பேர் தெரியாத யார் யாரோ புழங்கிப் புழங்கி மாத்தின சொல், ஒரே மத்தியானத்துல ஒரு ராஜா வச்சதா ஆயிடுது. அடுத்த தடவை அந்தக் கதை வந்தா 1530-ஐ ஞாபகம் வச்சுக்கோங்க.

உங்க ஊர்ல சாம்பாருக்கு வேற பேர் இருந்தா பின்னூட்டத்தில் சொல்லுங்க.