பிங் கட்டளையும் மெய்நிகர் கணினியும்

பிங் என்பது ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினியைப் பிணையம் வழியே எட்ட முடிகிறதா என்று சோதிக்கும் சிறு நிரல் ஆகும். இணைப்பு இல்லை என்றதும் பலரும் முதலில் தட்டச்சு செய்வது இதைத்தான். ஆனால் மெய்நிகர் கணினிக்குள் இருந்து பிங் செய்து பதில் வரவில்லை என்றால், உடனே இணையம் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. அதற்கான காரணம் பிங் பிறந்த இரவிலேயே இருக்கிறது.

அமெரிக்க இராணுவத்தின் எறிபொருளியல் ஆய்வுக்கூடம் மேரிலாந்து மாநிலத்தில் இருந்தது. அங்கே பணியாற்றியவர் மைக் மூஸ். 1983 ஜூலையில் நார்வேயில் நடந்த ஒரு கூட்டத்தின்போது, எதிரொலிப் பொதிகளை அனுப்பி அவை திரும்பும் நேரத்தை அளப்பது பற்றி டேவிட் மில்ஸ் பேச்சுவாக்கில் அவரிடம் சொன்னார். ஐசிஎம்பி எனப்படும் அந்தச் செய்திமுறையின் விதிகள் 1981-இலேயே வெளிவந்திருந்தன. 1983 டிசம்பரில் ஆய்வுக்கூடப் பிணையம் தகராறு செய்தபோது மூஸுக்கு அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தது. உடனே நிரலை எழுதினார். பிழையின்றித் தொகுக்கப்பட்டது, ஆனால் வேலை செய்யவில்லை. ஐசிஎம்பி பொதிகளை ஒரு நிரல் நேரடியாக அனுப்புவதற்கு யூனிக்ஸ் கெர்னலில் வழியே இல்லை! கோபத்தோடு அந்த வழியையும் அவரே எழுதிச் சேர்த்தார். விடிவதற்குள் எல்லாம் தயார். இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் முதல் பொதியை அனுப்புவதற்குள் உடன் பணியாற்றிய ஒருவர் பழுதான வன்பொருளைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டார்.

நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் எழுப்பும் ஒலியை வைத்தே மூஸ் பெயர் சூட்டினார். பிங் என்பதற்கு விரிவாக்கம் சொல்லும் வழக்கம் பின்னால் வந்தது. பெர்க்லி யூனிக்ஸ் இந்நிரலை ஏற்றுக்கொள்ள, அது எங்கும் பரவியது. மூஸ் 2000 நவம்பரில் கார் விபத்தில் இறந்தார்.

அவர் கெர்னலில் திறந்த அந்த வாசலைத்தான் இங்கே கவனிக்க வேண்டும். எல்லா நிரல்களுக்கும் அதைத் திறந்துவிட்டால் ஆபத்து என்பதால், நிர்வாகி உரிமை உள்ள நிரல்களுக்கு மட்டுமே அனுமதி என்பது வழக்கமாயிற்று.

இப்போது கியூஎமு என்ற மெய்நிகராக்க மென்பொருளைப் பார்ப்போம். அதன் எளிய பிணைய முறையில் மெய்நிகர் கணினிக்கு வழக்கமாக 10.0.2.15 என்ற முகவரி கிடைக்கும்; வெளியே செல்லும் வாயில் 10.0.2.2. உள்ளிருந்து வரும் கோரிக்கைகளைக் கியூஎமு தன் சொந்தக் கோரிக்கைகளாக மாற்றி, நம் உண்மைக் கணினி வழியே அனுப்புகிறது. இணையப் பக்கம் கேட்க எந்தச் சாதாரண நிரலுக்கும் உரிமை உண்டு. ஐசிஎம்பி அனுப்ப அப்படி இல்லை. அதனால் உலாவியில் பக்கம் திறக்கும், வாயிலும் பிங்குக்குப் பதில் தரும், வெளியுலகம் மட்டும் மௌனமாக இருக்கும். இதை அறியாத மாணவர் இயங்குதளத்தையே அழித்து மீண்டும் நிறுவுவார், பாவம். 2011-இல் வெளிவந்த லினக்ஸ் 3.0 சாதாரண நிரல்களுக்கும் பிங் அனுப்பத் தனி வழி தந்தது. ஆனால் உண்மைக் கணினியின் அமைப்பில் அது அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஆகவே சோதிக்கும்போது முதலில் 127.0.0.1, அடுத்து 10.0.2.2 என்று பிங் செய்க. இரண்டும் பதில் தந்தால், வெளியுலகைப் பிங்கால் அல்ல, ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து சோதிக்க வேண்டும். எண் முகவரிக்கு இணைப்புக் கிடைத்து, பெயருக்கு மட்டும் கிடைக்கவில்லை என்றால் கோளாறு 10.0.2.3-இல் உள்ள பெயர்ச் சேவையின் பக்கம். உண்மைக் கணினியிலிருந்து 10.0.2.15-ஐப் பிங் செய்து பயனில்லை; இந்த முறையில் வெளியிலிருந்து உள்ளே வர, போர்ட் எண்ணைக் குறிப்பிட்டு நாமே வழி அமைத்துத் தர வேண்டும்.