லிம்போமா, மஞ்சள் காமாலை வைரஸ், கொஞ்சம் கீழாநெல்லி

இந்த முறை கொஞ்சம் மருத்துவ வரலாறு. பெயர்கள் வாயில் நுழையாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் ஒருவருக்குக் கண் மஞ்சளாகிவிட்டால் முதலில் தேடுவது டாக்டரை அல்ல, கீழாநெல்லியை. ஐப்பசி மழைக்குப் பிறகு கரிசல் வரப்புகளில் தானாக முளைத்துக் கிடக்கும். அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் சரியாகியும் விடும். ஏனென்றால் குடிதண்ணீர் மூலம் பரவும் ஏ, ஈ வகைக் காமாலைகள் பெரும்பாலும் தானாகவே குணமாகிவிடும். பெயர் கீழாநெல்லிக்குப் போய்விடும்!

பிரச்சினை ஹெபடைட்டிஸ் பி. இது இரத்தம், உடலுறவு, ஊசி, பிரசவம் வழியாகப் பரவுவது. பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஆயுசுக்கும் தங்கிவிடும். கண் மஞ்சளாகாது, வலிக்காது, ஆளுக்கே தெரியாது. இப்படித் தூங்கும் வைரஸ் உள்ள ஒருவருக்கு லிம்போமா, அதாவது நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய் வந்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

வேடிக்கை என்னவென்றால், இந்த வைரஸ் உலகத்துக்கு முதலில் அறிமுகமானதே இரத்தப் புற்றுநோயோடு சேர்ந்துதான். 1963இல் அமெரிக்காவில் பாரூக் புளம்பெர்க், ஹார்வி ஆல்ட்டர் இருவரும் பல நாட்டு மக்களின் இரத்த மாதிரிகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அடிக்கடி இரத்தம் ஏற்றப்பட்ட ஹீமோபீலியா நோயாளி ஒருவரின் இரத்தம், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தோடு வினை புரிந்தது. அந்தப் பொருளுக்கு 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பேர் வைத்தார்கள். அது லுகேமியா நோயாளிகளிடம் அதிகம் காணப்பட்டதால், 1965இல் வெளியான அவர்கள் கட்டுரையின் தலைப்பிலேயே லுகேமியா இருந்தது. இது இரத்தப் புற்றுநோயின் அடையாளமோ என்று சந்தேகித்தார்கள். அந்த நோயாளிகளுக்கு நிறைய இரத்தம் ஏற்றுவார்கள், எதிர்ப்பு சக்தியும் குறைவு, அதனால்தான் அவர்களிடம் அதிகம் என்பது பின்னால்தான் புரிந்தது. அது காமாலை வைரஸின் மேலுறை! புளம்பெர்க்குக்கு 1976இல் நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்த அதிர்ச்சி 1975இல். புற்றுநோய் மருந்தை நிறுத்திய பிறகு சிலருக்குத் திடீரென்று கல்லீரல் செயலிழந்தது பற்றி மருத்துவ இதழ்கள் எழுத ஆரம்பித்தன. மருந்து கொடுக்கும்போது இல்லாத ஆபத்து நிறுத்தியபின் ஏன் வருகிறது?

விஷயம் இதுதான். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் தன் மரபுப்பொருளை ஒரு வளையமாகப் பதுக்கி வைக்கும். நம் எதிர்ப்பு சக்தி அதைக் காவல் காக்கும். கீமோதெரபி அந்தக் காவலை அகற்றிவிடுகிறது. லிம்போமா சிகிச்சையில் சேர்க்கும் ஸ்டீராய்டு வைரஸ் பெருக நேரடியாகவே உதவுகிறது. கீமோ முடிந்ததும் எதிர்ப்பு சக்தி திரும்பி வந்து பார்க்கிறது: கல்லீரல் முழுக்க எதிரி. உடனே தாக்குகிறது. அழிவது நம்முடைய கல்லீரல்தான். ஊருக்குத் திரும்பிய காவல்காரன் திருடனைப் பிடிக்க வீட்டையே கொளுத்துவது மாதிரி.

இதை முறையாக எண்ணிப் பார்த்தது ஹாங்காங். அங்கே இந்த வைரஸ் மிக அதிகம். 1991இல் வெளியான ஆய்வில் 100 லிம்போமா நோயாளிகளில் 27 பேர் இரத்தத்தில் அந்த மேலுறைப் பொருள் இருந்தது. அந்த 27 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வைரஸ் மறுபடி கிளம்பியது. எல்லோரும் இறப்பதில்லை. ஆனால் கல்லீரல் கெட்டால் கீமோவைத் தள்ளிப்போட வேண்டும், அளவைக் குறைக்க வேண்டும். குணமாகக்கூடிய லிம்போமா அந்த இடைவெளியில் கை நழுவிப் போகலாம். என்னைக் கேட்டால் இதுதான் பெரிய கொடுமை.

1997இல் ரிடுக்ஸிமாப் வந்தது. பி-செல் லிம்போமா சிகிச்சையையே மாற்றிய மருந்து இது. எதிர்ப்புப் பொருள் தயாரிக்கும் பி-செல்களையே துடைத்தெடுக்கும். பழைய தொற்று ஆறிப்போய், மேலுறைச் சோதனையில் 'இல்லை' என்று வந்தவர்களுக்கும் வைரஸ் எழுந்து வந்தது! 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த மருந்தின் விவரக் குறிப்பில் கறுப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை போடச் சொன்னது.

நல்ல செய்தியும் ஹாங்காங்கிலிருந்தே வந்தது. 2003இல் வைரஸ் உள்ள 30 லிம்போமா நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். 15 பேருக்குக் கீமோவுக்கு முன்பே லாமிவுடின் மாத்திரை. மீதி 15 பேருக்கு வைரஸ் கிளம்பிய பிறகு. முதல் கூட்டத்தில் ஒருவருக்கும் வைரஸ் கிளம்பவில்லை, இரண்டாவதில் 8 பேருக்குக் கிளம்பியது. இன்று லாமிவுடினுக்குப் பதில் என்டெகாவிர், டெனோஃபோவிர். கீமோ முடிந்தும் ஒரு வருடமாவது, ரிடுக்ஸிமாப் என்றால் அதற்கு மேலும் மாத்திரையைத் தொடரச் சொல்கிறார்கள். 'கீமோதான் முடிந்துவிட்டதே' என்று தானாக நிறுத்துவதுதான் ஆபத்து.

ஹெபடைட்டிஸ் சி வேறு கதை. அது சிலருக்கு லிம்போமாவையே உண்டாக்கும். 2002இல் பிரெஞ்சு மருத்துவர்கள், மண்ணீரல் லிம்போமாவும் சி வைரஸும் சேர்ந்திருந்த 9 பேருக்கு வைரஸுக்கான இன்டர்ஃபெரான் மட்டும் கொடுத்தார்கள். வைரஸ் போனதும் 7 பேருக்குப் புற்றுநோயும் மறைந்தது!

சரி, நம்ம கீழாநெல்லி? அதற்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் அதே புளம்பெர்க்கும் சேர்ந்து லான்செட் இதழில் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 30 நாள் கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு மேலுறைப் பொருள் மறைந்தது. வெற்றுப் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் தாய்லாந்து உட்பட வேறு இடங்களில் செய்தபோது அந்தப் பலன் வரவில்லை. லிம்போமா நோயாளி மாத்திரையை விட்டுவிட்டு வரப்புச் செடியை நம்ப இந்த ஆய்வுகளில் இடமில்லை.

செலவு? 2018 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் அரசு சிகிச்சை மையங்களில் இலவசம். கீமோவுக்கு முன்னால் கேட்க வேண்டிய சோதனைகள் இரண்டு: மேலுறைப் பொருள் இருக்கிறதா, வைரஸின் உட்கருப் புரதத்துக்கான எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா. முதலாவதை மட்டும் பார்த்தால் போதாது என்பதை ரிடுக்ஸிமாப் காட்டிவிட்டது.

பி தடுப்பூசி தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்குப் பொதுத் திட்டத்தில் பரவலாக வந்தது 2007-08இல்தான். லிம்போமா அதிகம் வரும் வயதில் இன்று இருப்பவர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே பிறந்தவர்கள்.