குழந்தைகளின் இரத்தசோகை: அளவுகோல் மாறினால் இடைவெளி மறையுமா?

இந்தியாவில் 6 முதல் 59 மாத வயதுக் குழந்தைகளில் இரத்தசோகை உள்ளோர், தேசியக் குடும்பநல ஆய்வுகளின்படி, 2005-06இல் சுமார் 69 சதவீதம், 2015-16இல் 58.6, 2019-21இல் 67.1. பத்தாண்டு முன்னேற்றத்தின் பெரும்பகுதி கைநழுவிவிட்டது. தமிழ்நாட்டில் இவ்விகிதம் 50.7இலிருந்து 57.4 ஆனது. கொரோனாவின் மீது பழியைப் போட்டுவிடவும் இயலாது. தொற்றுக்கு முன்பே களப்பணி முடிந்த குஜராத்தில் அது 62.6இலிருந்து 79.7ஆக உயர்ந்திருந்தது. ஆண்டுக்கு 3 புள்ளிகள் குறைப்போம் என்று 2018இல் தொடங்கிய 'இரத்தசோகை இல்லா பாரதம்' திட்டம் நடைமுறையில் இருந்த காலம் இது.

அளவீட்டு முறையிலேயே பிழை உள்ளதென ஆய்வாளர் சிலர் கூறுகின்றனர். இதை நாம் புறந்தள்ளவில்லை. குடும்பநல ஆய்வு, குத்தி எடுக்கும் துளி இரத்தத்தையே சோதிக்கிறது. 2016-18இல் மற்றொரு தேசிய ஆய்வு நரம்பிலிருந்து எடுத்த இரத்தத்தைச் சோதித்தபோது, 1-4 வயதினரில் 41 சதவீதமே தேறியது. உலக சுகாதார நிறுவனமும் 2024இல், 6-23 மாதக் குழந்தைகளுக்கான ஹீமோகுளோபின் வரம்பை டெசிலிட்டருக்கு 11 கிராமிலிருந்து 10.5ஆகக் குறைத்தது.

ஆனால் கருவி கூட்டிக் காட்டுமெனில், எல்லாச் சாதிக் குழந்தைக்கும்தானே கூட்டிக் காட்டும்? 2015-16 ஆய்வில் பழங்குடிக் குழந்தைகளில் சுமார் 63 சதவீதமும், பட்டியல் சாதியினரில் 60 சதவீதத்துக்கு மேலும், இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளில் வராத சாதியினரில் சுமார் 54 சதவீதமும் இரத்தசோகையுடன் இருந்தனர். அளவுகோலை மாற்றினால் மொத்த எண்ணிக்கை சுருங்கலாம். இந்த இடைவெளி அதனால் மட்டும் மறைந்துவிடாது.

இடைவெளி தாயின் உடலிலேயே தொடங்குகிறது. இரத்தசோகையுள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தையிடம் இரும்புச் சேமிப்பு குறைவு; ஆறு மாதத்திற்குப் பின் தாய்ப்பால் மட்டும் போதாது. ஆயினும் 6-23 மாதக் குழந்தைகளில் போதிய உணவு பெற்றோர் 2019-21இல் 11.3 சதவீதமே. இறைச்சியிலுள்ள இரும்பைத்தான் உடல் எளிதில் ஏற்கிறது. தலித்துகளுக்கு எட்டும் விலையில் கிடைத்த மாட்டிறைச்சியை மகாராட்டிரம் 2015இல், காளை, எருதுகளையும் வதைத்தடைக்குள் கொண்டுவந்து பறித்தது. அதே ஆண்டு மத்தியப் பிரதேச முதல்வர் அங்கன்வாடிகளில் முட்டை வழங்க மறுத்தார். யாருடைய தட்டைப் பார்த்து யார் முகம் சுளித்தார்கள் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இது கருணை கோரும் விவகாரமன்று. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 13.12.2006 அன்று, புதிய அங்கன்வாடிகளைப் பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளில் முன்னுரிமையுடன் திறக்க ஆணையிட்டது. ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் உள்ள ஊர்ப்புறக் குடியிருப்பும் குடிசைப் பகுதியும் கேட்டுப் பெறலாம் என்றும் கூறியது. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, அங்கன்வாடி உணவைக் குழந்தையின் சட்ட உரிமையாக்கியது.

உரிமை மறுக்கப்பட்டதை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கத் தரவு வேண்டும். ஆறாவது குடும்பநல ஆய்விலிருந்து இரத்தசோகைப் பரிசோதனை நீக்கப்பட்டு, ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் தனி ஆய்வுக்கு மாற்றப்பட்டுள்ளது. நரம்பு இரத்தத்தைச் சோதிப்பது நல்லதே. அதன் முடிவுகள் சாதிவாரியாக, மாவட்டவாரியாக வெளிவர வேண்டும் என்பதே நமது கோரிக்கை. அதுவரை தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மாவட்டத்திலும் நாம் கேட்கவேண்டியது: 40 குழந்தைகள் இருந்தும் அங்கன்வாடி இல்லாத சேரிகள் எத்தனை?